நம் பிள்ளைகளின் வீட்டுக்கு வரும் பணம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

சமூக அறிவியல் ஆசிரியர் என்பதால், பொருளியல் பாடம் தொடர்பாக ஏதாவது பேசுங்கள் என்று சொன்னார்கள். புத்தகத்தில் இருப்பதை நீங்கள் எல்லாரும் நடத்துகிறீர்கள். அதனால் புத்தகத்தில் இல்லாத, ஆனால் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். அரசு, எந்த வேலையும் கேட்காமல், எதற்குச் செலவழித்தாய் என்றும் கேட்காமல், ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. அந்தப் பணம் தாமிரபரணிக் கரையில் வயலை நம்பி வாழும் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது?

முதலில் எந்தெந்தப் பணம் என்று பார்த்துவிடுவோம். ஒன்று, பி.எம். கிசான். 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் மூன்று தவணை. அடுத்தது கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இவற்றோடு முதியோர் ஓய்வூதியம். 2023-இல் அது 1,000-லிருந்து 1,200 ஆனது. யாருக்குக் கொடுப்பது என்பதற்கு இவற்றில் நிபந்தனைகள் உண்டு. நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தாலோ, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினாலோ உரிமைத் தொகை கிடையாது. ஆனால் கைக்கு வந்த பிறகு எப்படிச் செலவழிப்பது என்பதற்கு நிபந்தனை இல்லை. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் பேச்சு.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். "ஆயிரம் ரூபாயைக் குடுத்து ஆளைச் சோம்பேறி ஆக்கியாச்சு", "வயலுக்கு ஆளே கிடைக்கல", "அவ்வளவும் டாஸ்மாக்குக்குத்தான் போகும்." மூன்றும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். நமக்கு அகவிலைப்படி உயரும்போது அதை எங்கே செலவழித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அது வேலைக்கான சம்பளம், இது அப்படி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் பணம் வந்தால் ஏழை குடிப்பான், நாம் மட்டும் சீட்டுப் போடுவோம் என்று நினைப்பதற்கு அது காரணம் ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயல். சொந்தம் இல்லை, வாய்மொழிக் குத்தகை. அப்பா பயிர் செய்கிறார்; பயிர் இல்லாத நாளில் அடுத்தவர் வாழைத் தோட்டத்தில் கூலி. அம்மா பீடி சுற்றுகிறார். வீட்டில் ஒரு பாட்டி. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. இந்த வீட்டுக்கு மாதம் வரும் அரசுப் பணம், அம்மாவுக்கு ஆயிரமும் பாட்டிக்கு ஆயிரத்து இருநூறுமாக 2,200 ரூபாய். பி.எம். கிசான் வராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த வீட்டின் ஆண்டுக் கணக்கு பள்ளியின் கல்வியாண்டோடு மோதுகிற விதம்தான் நமக்கு முக்கியம். கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பது வழக்கம். பாபநாசம் அணையில் நீர் இல்லாவிட்டால் திறப்பதில்லை. திறந்தால் உழவு, தொளி அடிப்பது, விதை, நடுவைக் கூலி எல்லாம் அந்த மாதமே கேட்கும். அதே ஜூனில்தான் பள்ளியும் திறக்கிறோம். புத்தகம், நோட்டு, சீருடை, பேருந்து அட்டை எல்லாம் நாம் கொடுத்துவிடுகிறோம். ஆனாலும் ஒரு பிள்ளையைப் புதிய வகுப்புக்கு அனுப்பச் சில்லறைச் செலவு இருக்கத்தான் செய்கிறது. அடுத்து அக்டோபரில் பிசானம். அதற்கும் முதலீடு. பிசான அறுப்பு மாசி, பங்குனியில் முடிந்து நெல் போட்ட பணம் வந்தால் உரக்கடைப் பாக்கியும் குத்தகை நெல்லும் போக மீதி. சித்திரை, வைகாசியில் கையில் ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு மாதமும் வீட்டை ஓட்டுவது அம்மாவின் பீடித் தட்டுதான்.

அந்த இடைவெளியை முன்பு கடனால்தான் நிரப்பினார்கள். இந்த மாவட்டத்தில் கடன் என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2003-லேயே அதீத வட்டி வசூலைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, மனு நாளில், நம் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தோடு தீக்குளித்தார். கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நான்கு பேரும் போய்விட்டார்கள். கந்துவட்டி என்றுதான் மனுவில் இருந்தது.

எட்டாம் வகுப்புக் கணக்கு எடுப்பவர்கள் இதை வகுப்பில் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் கடன் என்று பேசி, முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் கடன் தினம் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகக் கையில் இருந்த தொகை 4,250 தான். அதற்கு நூறு நாளில் 1,500 என்றால், ஆண்டுக்குத் தோராயமாக 129 சதவீதம். வங்கி நகைக்கடன் வட்டியைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

இந்த இடத்தில்தான் மாதம் ஆயிரம் வேலை செய்கிறது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையே இல்லை. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக் கூலி 319 ரூபாய்; அந்தக் கணக்கில் மூன்று நாள் கூலிதான். ஆனால் அது மாதா மாதம் வருகிறது. மழை பெய்தாலும் வரும், பெய்யாவிட்டாலும் வரும். விவசாய வீட்டில் இப்படித் தேதி சொல்லி வரும் வருமானம் வேறு எதுவும் இல்லை. அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சார், அந்த ஆயிரத்த வச்சு நான் பெருசா ஒண்ணும் வாங்கிரல. பதினஞ்சாந் தேதி பணம் வந்துரும்னு தெரிஞ்சா கடைக்காரரு அரிசி தாராரு. தண்டக்காரன் கிட்ட போய் நிக்க வேண்டாம்லா." வருமென்று தெரிந்த பணம் கடைக்காரரிடம் நம்பிக்கையாக மாறுகிறது. அதன் மதிப்பு ஆயிரத்தைவிடக் கூடுதல் என்பது என் கருத்து.

பள்ளிக்கு இதில் என்ன? பீடித் தொழிலை அறிந்தவர்களுக்குத் தெரியும், பீடிக் கடையில் வாங்கிய இலைக்கும் தூளுக்கும் கணக்காகப் பீடி திரும்பப் போக வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அந்த எண்ணிக்கையை முடிப்பது மூத்த மகள். முக்கூடல் பக்கமும் மேலப்பாளையம் பக்கமும் வேலை பார்த்தவர்கள் வருகைப் பதிவேட்டில் இதைப் பார்த்திருப்பார்கள்: மாதத்தில் நான்கைந்து நாள், காரணம் 'உடல்நலமில்லை', உண்மையில் உடல்நலம் இல்லாதவர் அம்மா. நான் சொன்ன வீட்டில், ஒரு தட்டு குறைந்தாலும் அன்று குடும்பம் கவிழ்ந்துவிடாது என்ற நிலை இப்போது வந்திருக்கிறது. அந்தப் பெண் விடுப்பு எடுப்பது குறைந்திருக்கிறது.

ஒரு வீட்டை வைத்து ஊரை முடிவு செய்யக் கூடாது. அதனால் பெரிய அளவில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் 2011-12-இல் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம், யுனிசெஃப் உதவியோடு எட்டு கிராமங்களில் எல்லாருக்கும் பணம் கொடுத்தது. பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100. ஓராண்டுக்குப் பின் 300, 150. ஏழை, பணக்காரர் என்று பிரிக்கவில்லை. பணம் கொடுக்காத பன்னிரண்டு கிராமங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடி கூடவில்லை. கடன் குறைந்தது. ஆடு, கோழி, விதை, உரம் வாங்கினார்கள். பள்ளிச் செலவு கூடியது; மேல் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் கூடுதலாகத் தங்கினார்கள். சோம்பேறி ஆனார்களா என்பதற்கும் அதில் விடை உண்டு. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவதைச் சிலர் குறைத்தார்கள். சொந்த வயலில் வேலை செய்வதைக் கூட்டினார்கள். "வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று நிலம் வைத்திருக்கும் நம் நண்பர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆள் எங்கே போனார் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கென்யாவில் ஏழைக் கிராம வீடுகளுக்கு நிபந்தனை இல்லாமல் பணம் கொடுத்த ஆய்விலும், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதேதான்: குடிக்கும் புகைக்கும் செலவு கூடவில்லை. நம்மூரில் குடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடிப்பவர் இந்த ஆயிரம் வருவதற்கு முன்னும் குடித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆசிரியர்களாகிய நமக்கு இன்னும் சுவையான ஆய்வு மலாவி நாட்டில் சோம்பா என்ற மாவட்டத்தில் நடந்தது. முடிவு 2011-இல் வெளியானது. வளரிளம் பெண்களின் வீடுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, பெண் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால்தான் பணம். மற்றதற்கு, வந்தாலும் வராவிட்டாலும் பணம். படிப்பைப் பொறுத்தவரை நிபந்தனைதான் ஜெயித்தது. இடைநிற்றல் குறைந்தது, தேர்விலும் மேல். ஆனால் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் பெரிதாகக் குறைந்தது நிபந்தனை இல்லாத பகுதியில்தான். காரணத்தை யோசித்தால் விளங்கும். பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்ணுக்கு நிபந்தனைத் திட்டத்தில் பணமும் நின்றுவிடும். எந்த வீட்டில் அவளைச் சீக்கிரம் கட்டிக் கொடுத்துவிடும் நெருக்கடி அதிகமோ அந்த வீட்டுக்கு உதவி போகாது.

இதை நம் ஊர்த் திட்டங்களோடு வைத்துப் பாருங்கள். புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம். இது நிபந்தனையுள்ளது, நல்ல நிபந்தனை. முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்குக் கொடுத்த உதவியை அப்படியே உயர்கல்விக்கு மாற்றியது. ஆனால் பத்தாம் வகுப்பில் தேறாமல் நின்ற பெண்ணுக்கு இதில் இடமில்லை. அவள் வீட்டுக்குப் போய்ச் சேருவது அம்மாவின் உரிமைத் தொகை மட்டும்தான். ஒன்று ஏணி, மற்றது தரை. இரண்டும் வேண்டும் என்கிறேன்.

இப்போது, அந்த வீட்டுக்குக் கிசான் பணம் ஏன் வராது என்பதற்கு வருகிறேன். அத்திட்டம் உழுபவரைக் கேட்பதில்லை, பட்டாவைக் கேட்கிறது. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்தது என்பதே கணக்கு. தாமிரபரணிப் பாசனத்தில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். குத்தகைதாரர் பாதுகாப்புக்கு 1955-இல் சட்டம், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் சட்டம், இரண்டும் இருக்கின்றன. ஆனால் வாய்ச்சொல்லில் வயல் வாங்கியவர், பதியப் போனால் அடுத்த பூவுக்கு வயல் கிடைக்காது என்று பயப்படுகிறார். சேற்றில் நிற்பவருக்கு 'விவசாயி' என்ற பெயரே அரசுத் தாளில் இல்லை. சொந்த நிலம் உள்ளவர்கள் பாடும் முழுச் சுகமில்லை. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருக்கும். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. அது முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். மறுபக்கம், 2020-இல் நம் மாநிலத்தில் கிசான் திட்டத்தில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் பெயரைச் சேர்த்துப் பணம் எடுத்தது வெளியே வந்தது. உழுதவருக்கு இல்லாத பணம் உழாதவர் கணக்கில் விழுந்தது.

இந்த வேறுபாடு எனக்கு நன்றாகப் புரிந்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். 17, 18 தேதிகள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நட்டு வேர் பிடித்துக்கொண்டிருந்த பிசானப் பயிர் மணலுக்கு அடியில் போனது. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். மற்ற இடங்களில் 1,000. அட்டை உள்ள எல்லாருக்கும் வந்தது. குத்தகைக்காரரா, நிலக்காரரா என்ற கேள்வியே எழவில்லை. பயிர் நிவாரணம் வேறு, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று அறிவித்தார்கள். அதற்கு யார் பயிர் செய்தார் என்று கிராம நிர்வாக அலுவலர் கணக்கு எடுக்க வேண்டும். அங்கே வந்ததும் வாய்மொழிக் குத்தகைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிலக்காரருக்குப் போன் போட வேண்டியதாயிற்று. சிலர் விட்டுக்கொடுத்தார்கள், சிலர் இல்லை.

பணத்தால் ஆகாததையும் சொல்ல வேண்டும். கிசான் தொகை 2019-இல் 6,000. அதற்குப் பிறகு உரமும் உழவுக் கூலியும் எங்கே போயிருக்கின்றன! தொகை மட்டும் அங்கேயே நிற்கிறது. இன்னொன்று, எல்லாவற்றையும் பணமாகக் கொடுத்துவிட்டால் போதும் என்று சில பொருளியல்காரர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் கடனுக்குப் போகலாம், பாட்டியின் மருந்துக்குப் போகலாம், போவது நியாயமும்கூட. ஆனால் 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கி, 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் வந்திருக்கும் அந்தத் தட்டு நேராகப் பிள்ளை முன்னால் வருகிறது. நடுவில் எந்தக் கடன்காரரும் கை நீட்ட முடியாது.

நாம் செய்யக்கூடியவை சின்னச் சின்னவைதான். உரிமைத் தொகையின் முதல் மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சரே தலையிட்டுக் கண்டிக்க வேண்டி வந்தது. அம்மாக்களிடம் சொல்லுங்கள், அப்படிப் பிடித்தால் கேட்க வேண்டும். விண்ணப்பம் தள்ளுபடி ஆனபோது முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியை வாசிக்க ஆளில்லாமல் அந்த நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஆதாரில் ஒரு முன்னெழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு முன்னெழுத்து, நம் எமிஸில் மூன்றாவது ஒன்று என்றால் நாளை அந்தப் பெண்ணின் புதுமைப் பெண் தொகையும் தடுமாறும். அது நம் கையில் இருக்கிற வேலை. வகுப்பில் "யார் யார் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வருது, கை தூக்கு" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். தூக்காத பிள்ளைக்கும் சங்கடம், தூக்கிய பிள்ளைக்கும் சங்கடம்.

வகுப்பில் எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கு எடுக்கச் சொன்னார். அதில் நம் கங்கைகொண்டானும் ஒன்று. இன்று சிப்காட் இருக்கும் அதே ஊர். இருபது ஆண்டு கழித்து அந்த ஊர்களை மறுபடியும் ஆய்வு செய்து புத்தகமாக்கினார்கள். நாம் வீடு வீடாகப் போக வேண்டாம்; பிள்ளைகளின் வீட்டுக் கடன் வகுப்புக்கு வரவும் வேண்டாம். நான் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கரும்பலகையில் போட்டேன். ஒன்றரை ஏக்கர் வயல், ஒரு பீடித் தட்டு, இரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு மாதத்துக்கும் வரவும் செலவும் நிரப்பச் சொன்னேன். பிறகு ஒரு கேள்வி: ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் உங்கள் கையில் இருக்கிறது, இந்த வீட்டுக்கு எப்போது கொடுப்பீர்கள்?

ஒரு பையன் மொத்தமாக ஜூனில் கொடுக்க வேண்டும் என்றான். நடுவைக்குக் கடன் வாங்காமல் இருந்தால் பாதி வட்டி மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், மொத்தமாக் குடுத்தா அண்ணனுக்குப் பைக்கு வாங்கிருவாங்க. மாசா மாசம் அம்மா கையில குடுங்க" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மணி அடித்தும் விடவில்லை. சித்திரை, வைகாசிக்கு மட்டும் இரட்டிப்பாக, மற்ற மாதம் குறைத்துக் கொடுக்கலாம் என்று மூன்றாவதாக ஒருவன் ஒரு வழி சொல்லியிருக்கிறான். வரும் வாரம் 'ஆ' பிரிவில் அதை விவாதத்துக்கு வைத்திருக்கிறேன்.